நிறுவன நிறவாதம்: ஒரு வரைவிலக்கணத்தின் வரலாறு

இலண்டன் மாநகரப் பொலிஸ் சேவையை, ஏறத்தாழப் பதினேழு ஆண்டு இடைவெளியில், இரு நீதியரசர்கள் விசாரணை செய்தனர். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்ரன் பகுதியில் மூண்ட கலகங்களை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, அவ்வாண்டு நவம்பரில் வெளியான தமது அறிக்கையிலே, பிரித்தானியா நிறுவன நிறவாதத்துக்கு உட்பட்ட நாடு என்னும் கூற்றை மறுத்தார். மாநகரப் பொலிசாரின் கொள்கைகளும் நிறவாதம் கொண்டவை அல்ல என்றார். 1993 இல் கொலையுண்ட ஸ்ரீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின மாணவனின் வழக்குச் சீரழிந்தமையை விசாரித்த சேர் வில்லியம் மக்பேர்சன், 1999 பெப்ருவரியில், அதே பொலிஸ் சேவையில் நிறுவன நிறவாதம் உண்டு என முடிவு கூறினார்.

பொலிஸ் சேவை இக்காலத்துள் முன்னையதினும் கேடுற்றது என எவரும் வாதிட்டதில்லை. அவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து நோக்கின் வேறுபாடு எங்கே உளது என்பது புலனாகும். ஸ்கார்மன் பிரபுவின் மறுப்பு ஒரு நிபந்தனையுடன் கூடியது. அறிந்தே, கொள்கை அளவிலேயே, கறுப்பின மக்களுக்குப் பாகுபாடு காட்டும் சமுதாயம் என்பது அச்சொற்றொடரின் பொருளாயின் அதனை மறுப்பதாகவும், அறியாமலே பாகுபாடாய் முடியும் நடைமுறைகளைச் சில நிறுவனங்கள் கைக்கொண்டுள்ளன என்பது பொருளாயின் அது ஆராயத்தக்கது எனவும் அவர் எழுதினார். மக்பேர்சன் இவ்விரண்டாம் பொருளையே எடுத்துக்கொண்டு அதனை ஆராய்ந்தார். ஆகவே முடிவின் பெரும்பகுதி, சாட்சியங்கள் எடைபோடப்படுமுன்னரே, வரைவிலக்கணத்தில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது எனலாம். அறிந்து செய்யப்படாத தீங்கிற்கு யார் பொறுப்பு என்னும் வினா இவ்வரைவிலக்கணத்துள் அடங்கியுள்ளமையால், இதனை வெறுஞ் சொற்போர் எனத் தள்ளிவிட முடியாது.

தமிழிலே இப்பொருள் பற்றி எழுத முற்படுவோருக்கு முதலிலேயே ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. நாம் வழங்கும் சொற்கள் நிறவெறி, நிறத்துவேஷம், இனவாதம் என்பன. வெறியும் துவேஷமும் மனிதரின் நெஞ்சிலே குடிகொள்வன. வாதம் ஒருவர் எடுத்துரைக்கும் கொள்கை. ஒரு விதிக்கோவைக்கோ, வங்கிப் படிவத்துக்கோ வெறி ஏது? எனவே நமது சொல்லாட்சியே, குற்றத்தை ஒரு மனிதனின் மனத்தில் தேடும்படி நம்மைத் தூண்டுகின்றது. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் ஏறக்குறைய இதுவே. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நிறவாதம் என்றதும் நாசிகளின் உயிரியற் கோட்பாடே அறிஞர் நினைவுக்கு வந்தது. 1950 இல் யுனெஸ்கோ வெளியிட்ட பிரகடனம் அக்கோட்பாட்டிற்கு விஞ்ஞான ஆதாரமில்லை எனக் காட்ட எழுந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையை விரிவாக ஆராய்ந்து குன்னார் மிர்டால் 1944 இல் வெளியிட்ட பெருநூலும், வெள்ளை அமெரிக்கரின் மனச்சாட்சியுள் நிகழும் முரண்பாடாகவே பிரச்சினையைக் கண்டது. பொய்க் கோட்பாட்டை அறிவினால் நீக்கிச் சட்டத்தையும் திருத்திவிட்டால் நோய் தீரும் என்பது அத்தலைமுறையின் நம்பிக்கை. வேறு பொருத்தமான சொல் கிடையாமையால் இக்கட்டுரையில் நிறவாதம் என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

அந்நம்பிக்கை ஐக்கிய அமெரிக்காவிலே சோதனைக்குள்ளாயிற்று. 1964 இல் குடியியல் உரிமைச் சட்டமும், 1965 ஆகஸ்ட் 6 இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. ஐந்து நாட்கள் கழிந்து, ஆகஸ்ட் 11 இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாற்ஸ் பகுதியில் கலகம் மூண்டது. 34 பேர் மாண்டனர். வாக்குரிமை தென் மாநிலங்களில் மறுக்கப்பட்டதேயன்றி வாற்ஸிலே மறுக்கப்பட்டதில்லை. அங்குப் பிரச்சினை வேலை, வீடு, பொலிஸ் என்பனவாகும். சட்டத்தின் முன் சமத்துவம் பெற்ற ஒரு மக்கட் கூட்டம் ஏன் முன்னைய இடத்திலேயே நிற்கின்றது என்ற கேள்விக்குப் பழைய வரைவிலக்கணத்தில் விடையில்லை.

1967 இல் ஸ்ரோக்லி கார்மைக்கலும் சார்ள்ஸ் ஹமில்ரனும் எழுதிய ‘கறுப்பு வல்லமை’ என்னும் நூலில் ‘நிறுவன நிறவாதம்’ என்னும் தொடர் முதன்முதற் பரவலான கவனத்தைப் பெற்றது. அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரை அவர்கள் உதாரணங் காட்டினர். அந்நகரிலே 1963 செப்ரெம்பரில் வெள்ளை வெறியர் தேவாலயமொன்றிற்குக் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமியரைக் கொன்றனர். உலகம் கண்டித்தது. அதே நகரில் அக்காலத்தில் ஆண்டுதோறும் 500 கறுப்பினக் குழந்தைகள் போதிய உணவும் உறையுளும் வைத்திய வசதியும் இன்றி மடிந்தனர். அதற்குக் குற்றவாளி எவருமில்லை. முன்னையது தனிமனித நிறவாதம், பின்னையது நிறுவன நிறவாதம் என்பது அவர்களின் பாகுபாடு. பின்னாளில் ‘முறைமைசார் நிறவாதம்’ என வழங்கலாயிற்றும் இதன் விரிவே. ஒரு நிறுவனத்துள் நிகழ்வதைக் குறித்த சொல், பல நிறுவனங்கள் ஒன்றோடொன்று பின்னி இயங்குவதைக் குறிக்கும் சொல்லாக அகன்றது.

இப்பின்னலை விளக்குவதற்கு வீட்டுக் கடனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 1934 இல் அமெரிக்க அரசு நிறுவிய கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் வீடுகளைக் கட்டவில்லை, கடனும் கொடுக்கவில்லை. வங்கிகள் வழங்கும் நீண்டகால வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. எவ்வீட்டுக்குக் காப்புறுதி வழங்கலாம் என்பதை மதிப்பிடுவோருக்கு அது ஒரு கைந்நூல் வெளியிட்டது. கலப்பினக் குடியிருப்பு நிலமதிப்பைக் குறைக்கும் என்றும், இன்ன இனத்தாருக்கு வீட்டை விற்கலாகாது என்னும் நிபந்தனை உறுதிகளில் இருத்தல் நன்று என்றும் அக்கைந்நூல் ஆலோசனை கூறியது. காப்புறுதி கிடைத்த இடத்தில் வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. கிடையாத இடத்தைப் புறக்கணித்தது. நியூயோர்க் அருகே 1947 முதல் எழுந்த லெவிற்றவுனில் 17,000 இற்கு மேற்பட்ட வீடுகள் இவ்வுதவியுடன் கட்டப்பட்டன. சாதாரண தொழிலாளி ஒருவர் அங்கே ஏறத்தாழ 8,000 டொலருக்கு வீடு வாங்க முடிந்தது, அவர் வெள்ளையராயிருந்தால். 1960 இல் அங்கு வாழ்ந்தோருள் கறுப்பினத்தவர் இல்லையென்றே கூறலாம்.

இனக்கட்டுப்பாட்டு உறுதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1968 இல் வீடமைப்புச் சட்டம் பாகுபாட்டையே தடைசெய்தது. ஆயின் 8,000 டொலர் வீட்டின் விலை இதற்கிடையே பன்மடங்கு ஏறிவிட்டது. வெள்ளைக் குடும்பம் அதனை ஈடுவைத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிற்று. அப்பிள்ளை வீடு வாங்க முன்பணங் கொடுத்தது. வாடகை வீட்டிலிருந்த கறுப்பினக் குடும்பத்துக்கு ஈடுவைக்க ஒன்றுமில்லை. பாடசாலைகளின் வருவாயிற் பெரும்பங்கு உள்ளூர் ஆதன வரியிலிருந்து வருவதால், நிலமதிப்புக் குறைந்த பகுதியிற் பாடசாலையும் வறுமையுற்றது. இன்று கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி உத்தியோகத்தர் பிணை, முன்பணம் போன்றவற்றை மட்டுமே நோக்குகின்றார். விண்ணப்பிப்பவரின் நிறத்தை அவர் அறிய வேண்டியதில்லை. அறியாமலே 1930 களின் கைந்நூல் அவர் மேசைமேல் வேலை செய்கின்றது.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ள வேண்டிய ஒரு விவாதம் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் கடன் கூட்டுத்தாபனம் என்னும் மற்றோர் அரச நிறுவனம் 1930 களில் நகரங்களை நான்கு தரமாக வகுத்துப் படம் வரைந்தது. இறுதித் தரப் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. கறுப்பினக் குடியிருப்புகள் பெரும்பாலும் சிவப்பினுள் விழுந்தன. கென்னத் ஜாக்சன் 1985 இல் வெளியிட்ட நூலுக்குப் பின் இப்படங்களே புறக்கணிப்பின் ஊற்று எனப் பலரும் எழுதலாயினர். பின்வந்த ஆராய்ச்சியாளர், குறிப்பாக பிலடெல்பியாவை ஆராய்ந்த ஏமி ஹிலியர், அப்படங்கள் பரவலாகப் பகிரப்படவில்லை என்பதையும், அக்கூட்டுத்தாபனம் கறுப்பினத்தவருக்கும் கடன் கொடுத்தது என்பதையும், கடன்களிற் பெரும்பாலானவை படங்கள் வரையப்படுமுன்பே வழங்கப்பட்டன என்பதையும் காட்டினர். இதனைக் கேட்டு, ‘ஆகவே முறைமைசார் நிறவாதம் கட்டுக்கதை’ எனக் குதூகலிப்பாரும் உளர். இம்மறுப்பினாற் பொறுப்பின் பெரும்பகுதி ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு, அதாவது காப்புறுதி அளித்த நிருவாகத்துக்கு, இடம்பெயர்ந்ததேயன்றி மறைந்துவிடவில்லை. ஆனால் சிவப்பு மை கண்ணைப் பறித்ததால் ஒரு தலைமுறை ஆராய்ச்சி தவறான காரணியைப் பற்றிக்கொண்டது உண்மையே. முறைமையைக் குற்றஞ் சாட்டுவோர் எந்தச் சக்கரம் எந்தச் சக்கரத்தைச் சுழற்றியது எனக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதற்கு இது தக்க சான்று.

அமெரிக்க நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் இரு வேறு திசைகளிற் சென்றன. வட கரோலினாவில் டியூக் பவர் கம்பனியின் மின்நிலையமொன்றில் 95 ஊழியருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்கள் கூலிப்பிரிவிலே மட்டும் வேலைக்கமர்த்தப்பட்டனர். அப்பிரிவின் மிகக்கூடிய சம்பளம் ஏனைய பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தினும் குறைவு. 1965 ஜூலை 2 இல் குடியியல் உரிமைச் சட்டத்தின் தொழில்வாய்ப்புப் பகுதி நடைமுறைக்கு வந்த அதே நாளில், கூலிப்பிரிவு தவிர்ந்த பிரிவுகளிற் சேர்வோர் இரு பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டும் என்னும் புதிய விதியைக் கம்பனி சேர்த்தது. பாடசாலைக் கல்வியை நிறைவுசெய்த சான்றிதழ் ஏற்கெனவே கோரப்பட்டு வந்தது. 1960 குடிசன மதிப்பின்படி அம்மாநில வெள்ளை ஆடவருள் நூற்றுக்கு 34 பேரும், கறுப்பின ஆடவருள் 12 பேருமே அக்கல்வியை முடித்திருந்தனர். சான்றிதழின்றி முன்னரே சேர்ந்த வெள்ளையர் வேலையைச் செவ்வனே செய்துவந்தனர் என்பதும் வெளிப்பட்டது. 1971 இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: வேலைக்குத் தேவையெனக் காட்டமுடியாத விதி ஓரினத்தாரைப் புறந்தள்ளுமாயின், விதித்தவரின் நோக்கம் யாதாயினும் அது சட்டவிரோதம். க்ரிக்ஸ் வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பின் செல்வாக்கினாலேயே, 1976 ஆம் ஆண்டின் பிரித்தானிய இன உறவுகள் சட்டத்தில் ‘மறைமுகப் பாகுபாடு’ இடம்பெற்றது.

ஆயின் 1976 இலேயே, வாஷிங்ரன் நகரப் பொலிஸ் ஆட்சேர்ப்புப் பரீட்சை பற்றிய வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படையிற் பரிகாரம் தேடுவோர் பாகுபாடு காட்டும் நோக்கத்தை நிறுவ வேண்டும் என அந்நீதிமன்றமே கூறியது. இதன் கொடூரம் 1987 இல் மக்கிளெஸ்கி வழக்கிலே தெரிந்தது. ஜோர்ஜியா மாநிலத்தில் 2,000 இற்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த பேராசிரியர் டேவிட் பால்டஸும் அவர் குழுவினரும், ஏனைய காரணிகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும், கொலையுண்டவர் வெள்ளையராயின் மரணதண்டனை விதிக்கப்படும் வாய்ப்பு 4.3 மடங்கு என மதிப்பிட்டனர். அக்கணிப்பைச் சரியெனக் கொண்டே நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் மேன்முறையீட்டைத் தள்ளியது. இவ்வழக்கில் இன்னார் இந்நோக்குடன் செயற்பட்டார் எனக் காட்டப்படவில்லை என்பதே காரணம். இவ்வாதத்தை ஏற்பின் குற்றவியல் நீதிமுறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்ற அச்சத்தையும் தீர்ப்பெழுதிய நீதியரசர் பவல் மறைக்கவில்லை. இளைப்பாறிய பின், தம் வாக்கை மாற்ற முடியுமாயின் மாற்றுவேன் என அவர் தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் கூறினார். மக்கிளெஸ்கிக்கு 1991 இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிரித்தானியாவில் இக்கருத்தை வளர்த்தோருள் ஒருவர் நம் நாட்டவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்ற அம்பலவாணர் சிவானந்தன், 1958 கலவரத்தின் பின் இலண்டன் சென்றார். அதே ஆண்டில் அங்கு நொற்றிங்ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். இன உறவுகள் நிலையத்தின் நூலகராய் இருந்து, 1970 களின் முற்பகுதியில் அதன் பணிப்பாளராகி, ‘இனமும் வர்க்கமும்’ என்னும் சஞ்சிகையை நெடுங்காலம் நெறிப்படுத்தினார். ஸ்கார்மன் அறிக்கையை அடுத்து, வெள்ளை உத்தியோகத்தரின் மனத்தைத் திருத்தும் பயிற்சி வகுப்புகள் பெருகியபோது, 1985 இல் அவற்றைக் கடுமையாகச் சாடி எழுதினார். தப்பெண்ணம் தனிமனிதனுடையது, நிறவாதம் அதிகாரத்தோடு தொடர்புடையது, அதிகாரக் கட்டமைப்பை விட்டு மனத்தைக் கழுவுவதாற் பயனில்லை என்பது அவர் நிலைப்பாடு. இன்றும் பெரு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளை நோக்குமிடத்து அக்கண்டனம் சிறிதும் பழைமையுறவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பிரிக்ஸ்ரனில் கலகத்துக்குமுன் நிகழ்ந்ததும் அவர் கூற்றையே ஆதரிக்கின்றது. பொலிசார் ஒரு வாரத்துக்குள் 943 பேரைத் தெருவில் மறித்துச் சோதனையிட்டனர். கைதானோர் 118 பேரே. சந்தேகத்தின் பேரிற் கைதுசெய்ய நெடுங்காலம் பயன்பட்ட 1824 ஆம் ஆண்டுச் சட்டம், நெப்போலியப் போர்களின் பின் வீடற்று அலைந்த ஏழைகளை அடக்க ஆக்கப்பட்டது. அதனை ஆக்கியோர் மனத்தில் மேற்கிந்திய இளைஞர் இருந்திருக்க முடியாது. எனினும் ஒன்றரை நூற்றாண்டின் பின் அவ்விளைஞரே அதன் இலக்காயினர். லோறன்ஸ் வழக்கில், குத்துண்டு கிடந்த மாணவனுக்கு முதலுதவி செய்யாத பொலிசார், உடனிருந்த நண்பனைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினர். சந்தேக நபர்களின் பெயர்கள் விரைவிலேயே கிடைத்தும் கைதுகள் இரு வாரங்கள் தாமதித்தன. 2012 ஜனவரியிலேயே இருவர் கொலைக்குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒருவரின் நிறம், பண்பாடு, இனத்தோற்றம் காரணமாக உரிய சேவையை வழங்க ஒரு நிறுவனம் கூட்டாகத் தவறுதல் என மக்பேர்சன் வகுத்த வரைவிலக்கணம், அறியாத் தப்பெண்ணத்தையும் அசட்டையையும் உள்ளடக்கியது.

இக்கருத்தை மறுப்போரின் வாதங்களை எளிதிற் புறக்கணித்தலாகாது. அவற்றுட் சிறந்தது தோமஸ் சோவெல் பல நூல்களிற் கூறியது. குழுக்களின் வேறுபாடு தானாகவே பாகுபாட்டை நிறுவாது. வயது, குடியேறிய காலம், தொழில் மரபு எனக் காரணிகள் பலவாம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அமெரிக்கா சென்றோர் அதே கறுப்பு நிறத்தினராயிருந்தும் உள்நாட்டுக் கறுப்பினத்தவரினும் கூடிய வருவாய் பெற்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிரித்தானியாவில் ரொனி செவெல் தலைமையில் 2021 இல் அறிக்கையிட்ட ஆணைக்குழுவும், சீன, இந்திய மாணவர் வெள்ளை மாணவரிலும் சிறந்த பெறுபேறு அடைவதைச் சுட்டியது. இலக்கத்தை மட்டும் காட்டி முறைமையைக் குற்றஞ் சாட்டுவோருக்கு இது சரியான விடை. மின்நிலையத்துப் பரீட்சைக்கும் கடன் கைந்நூலுக்கும் இது விடையாகாது. அங்கே விதி கையில் இருக்கின்றது. அவ்வாணைக்குழு, பிரித்தானிய முறைமை சிறுபான்மையினருக்கு எதிராக வேண்டுமென்றே அமைக்கப்பட்டதாகத் தாம் காணவில்லை என எழுதியதையும் கவனிக்க. ‘வேண்டுமென்றே’ என்பது ஸ்கார்மனின் ‘அறிந்தே’ அன்றி வேறல்ல. எவரும் சாட்டாத குற்றத்திலிருந்து நாற்பது ஆண்டுகளில் இருமுறை விடுதலை வழங்கப்பட்டுள்ளது.

இன்னோர் ஆட்சேபம் சொல்லைப் பற்றியது. 1998 இல் விசாரணையின்போது பொலிஸ் ஆணையாளர் சேர் போல் கொண்டன், இத்தொடரை ஏற்பின் ஒவ்வோர் உத்தியோகத்தரும் நிறவெறியர் எனப் பொதுமக்கள் கொள்வர் என்றார். 2023 மார்ச்சில் கேசி சீமாட்டியின் அறிக்கை அதே சேவையில் நிறுவன நிறவாதம் உண்டு என மீண்டுங் கண்டபோது, ஆணையாளர் சேர் மார்க் ரௌலி குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு சொல்லை மட்டும் ஏற்க மறுத்தார். அது தெளிவற்றதும் அரசியல்மயப்பட்டதும் என்பது அவர் காரணம். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. வசைச்சொல்லாகப் பழகிய ஒன்றை ஆய்வுச்சொல்லாக்குவதன் விலை அது. எனினும் சொல்லை மறுத்தோர் அதனினும் தெளிவான வேறொன்றை இதுவரை தந்திலர்.

பிரித்தானியாவின் 1971 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தை நோக்குவோம். பெற்றாரோ பாட்டன் பாட்டியோ அந்நாட்டிற் பிறந்திருத்தல் போன்ற தொடர்பே குடியேறும் உரிமைக்கு அளவுகோல் என்றது அது; நிறம் அளவுகோலாகக் கூறப்படவில்லை. நடைமுறையில் அவுஸ்திரேலியர், கனேடியர் பலர் உள்ளே நின்றனர். மேற்கிந்தியரும் ஆசியரும் வெளியே நின்றனர். 1973 இற்குமுன் குடியேறிய பொதுநலவாய மக்களுக்கு அங்கேயே வாழும் உரிமை உண்டு என அச்சட்டம் ஏற்றது. ஆனால் அவர்களுக்குப் பத்திரம் வழங்கப்படவில்லை. உள்நாட்டமைச்சு பதிவும் பேணவில்லை. அவர்களிற் பலரின் வருகையைக் காட்டிய கப்பல் இறங்கு அட்டைகள் 2010 இல் அழிக்கப்பட்டன. 2014 இலும் 2016 இலும் வந்த சட்டங்கள் வீட்டுக்காரரையும் வங்கியையும் பத்திரம் கேட்கும்படி பணித்தன. பிள்ளைப்பருவத்தில் வந்து அரை நூற்றாண்டு உழைத்து வரி செலுத்தியோர் வேலையிழந்தனர், வைத்தியம் மறுக்கப்பட்டனர், சிலர் தடுத்துவைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். 2018 இல் இது பகிரங்கமானது. இதனை ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸ் 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையிலே, உள்நாட்டமைச்சின் அறியாமையும் அசட்டையும் நிறுவன நிறவாதத்தின் வரைவிலக்கணக் கூறுகள் சிலவற்றோடு ஒத்துள்ளன என எழுதினார். நிறுவன நிறவாதம் உண்டு எனத் திட்டமாக முடிவு கூறும் அளவுக்கு அவர் செல்லவில்லை. அட்டைகளை அழித்த எழுதுவினைஞருக்கு மேற்கிந்தியர்மேற் பகையிருந்தது என எவரும் இதுவரை கூறியதில்லை.